கோழிச்சோறே காரணமாக இருந்தால்?

நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் நம் வீடுகளில் உடனே அடுப்பில் ஏறுவது கோழிச்சோறு. தோல் நீக்கி, உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்த கோழி. அதோடு குழைய வடித்த சோறு. இரண்டு நாளைக்கு இதையே கொடுங்கள் என்று மருத்துவர்களும் சொல்வதுண்டு. பெரும்பாலான நாய்களுக்கு அது நல்ல யோசனைதான். குப்பையைக் கிளறித் தின்றதால் வந்த வயிற்றுப்போக்கு அதிலேயே அடங்கிவிடும்.

ஆனால், அந்த நாயின் உடம்பு ஏற்க மறுக்கும் பொருளே கோழியாக இருந்தால்? மருந்து ஒரு பக்கம் வயிற்றைக் கட்டும். அன்பாகப் பிசைந்து வைக்கும் சோறு மறுபக்கம் அதைக் கிளறிவிடும்.

கிள்ளானில் என் அத்தை வீட்டு பிரௌனிக்கு நடந்தது இதுதான். ஐந்து வயது நாட்டு நாய். குட்டியாக வந்த நாளிலிருந்து சோறும் கோழியும் தின்றே வளர்ந்தது. போன ஆண்டு நடுவில் மலம் இளகத் தொடங்கியது. நாளுக்கு இரண்டு தடவை வெளியே போன நாய் ஐந்து தடவை கதவைச் சுரண்டியது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கடைசியில் வழவழவென்று சளி. சில நாள் ஒரு கோடு இரத்தம். கிளினிக்குக் கொண்டுபோனால் ஊசி, மாத்திரை, கோழிச்சோறு. ஒரு வாரம் தேவலை. அடுத்த வாரம் பழையபடி. மூன்று முறை இப்படியே சுற்றினார்கள்.

பிறகு புரட்டாசி வந்தது. அத்தை வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சைவம், முட்டைகூடக் கிடையாது. நாய்க்கென்று தனியாகக் கோழி வாங்கி வேகவைக்க யாரும் மெனக்கெடவில்லை. பிரௌனிக்கும் சோறு, வேகவைத்த பருப்பு, தவ்ஃபு, கொஞ்சம் பூசணிக்காய். இரண்டாவது வாரத்திலேயே மலம் கட்டியாகிவிட்டது. மாதம் முடிந்து, தீபாவளிக்கு வீட்டில் கோழி வெந்ததும் மறுபடியும் கதவைச் சுரண்டும் சத்தம். அத்தை மகள்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். புதிய மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "இது இதுவரைக்கும் என்னென்ன சாப்பிட்டிருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க" என்பதுதான். புரட்டாசிக் கதையைக் கேட்டுவிட்டு, அது நல்ல தடயம், ஆனால் ஆதாரம் ஆகாது என்றார். அந்த மாதம் கோழி மட்டுமா நின்றது? கொழுப்பும் குறைந்தது, மேசையிலிருந்து விழும் கறித்துண்டுகளும் நின்றன. எதனால் குணமானது என்று எப்படிச் சொல்வது?

பழகிய உணவுதான் பகையாகும்

"இத்தனை வருஷமா சாப்பிட்ட கோழி இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காம போகும்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். உணவு ஒவ்வாமை வேலை செய்யும் முறையே அதுதான். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது; ஏதோ ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே சந்தேகப்பட வேண்டியது நேற்று புதிதாக வாங்கிய பொருளை மட்டுமல்ல, ஆண்டுக்கணக்காகத் தட்டில் இருப்பதையும்தான்.

பால் குடித்தால் வயிறு கலங்குவது பெரும்பாலும் வேறு கதை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குக் குறைவு. அது செரிமானக் குறைபாடு, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அதில் பங்கில்லை. வீட்டில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வாமை என்றால் அரிப்பும் சேர்ந்து வர வாய்ப்புண்டு: பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, காதில் அடிக்கடி புண், ஆசனவாயைத் தரையில் தேய்ப்பது. எல்லா நாய்க்கும் வருவதில்லை. சிலவற்றுக்கு வயிறு மட்டும்தான்.

எந்த உணவு அதிகம் தொல்லை தருகிறது? 2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களைப் பற்றிய பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி இரண்டு விழுக்காட்டளவில்தான். அந்தப் பதிவுகள் பெரும்பாலும் மேல்நாட்டு நாய்களைப் பற்றியவை. மாட்டிறைச்சி நுழையாத வீட்டில் வளரும் நாய்க்கு அதனால் ஒவ்வாமை வர வழியில்லை. அங்கே முதலில் கோழியைத்தான் பார்க்க வேண்டும், அடுத்து பால், கோதுமை.

கடைகளில் "தானியம் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் விற்கும் உணவுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அரிசியை நீக்கிவிட்டு அதே கோழியை நிரப்பிய பையை இரட்டை விலைக்கு வாங்கி, கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குப் போடுவதில் என்ன பலன்? போதாததற்கு, தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த உணவுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றாலும், காரணமே இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

முதலில் புழு, பிறகுதான் உணவு

மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் அதை நாள்பட்ட வயிற்றுக்கோளாறு என்கிறார்கள். அப்போதும் நேராக உணவின் மேல் பழி போடக்கூடாது. நம் ஊர் ஈர மண்ணில் கொக்கிப்புழு சர்வசாதாரணம். சாட்டைப்புழு, ஜியார்டியா என்ற நுண்ணுயிர் எல்லாமும் சளியும் இரத்தமுமாகப் போகவைக்கும். கணையக் கோளாறு, சுரப்பிக் கோளாறு ஆகியவையும் பட்டியலில் உண்டு. அன்றைக்குப் போன மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே சோதனையில் புழு சிக்காமல் போகலாம் என்பதால் மருத்துவர் இரண்டாவது முறை கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

மலத்தைக் கைப்பேசியில் படம் எடுப்பதை அருவருப்பாக நினைக்காதீர்கள். எத்தனை தடவை, எவ்வளவு, சளி உண்டா என்ற விவரங்கள் மருத்துவருக்கு வழி காட்டும். அடிக்கடி, கொஞ்சமாக, முக்கி முக்கி, சளியோடு போனால் பெருங்குடல் பக்கம் கோளாறு. தடவை குறைவு, ஆனால் அளவு அதிகம், உடம்பும் இளைக்கிறது என்றால் சிறுகுடல். சிறுகுடல் பாதிக்கப்பட்ட நாய்களுக்கு பி12 சத்து குறைந்துபோவதுண்டு. அதை ஈடுகட்டாமல் உணவை மட்டும் மாற்றினால் முழுப் பலன் கிடைக்காது.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. குட்டி நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் பார்வோ கிருமியாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். மலம் தார் போல் கறுத்திருந்தால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், ஈறு உலர்ந்து ஒட்டினால், நாய் எழவே மறுத்தால் எந்த வயதானாலும் அப்படித்தான். வீட்டில் இருக்கிறதே என்று நமக்கான மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டுமே நாயைக் கொல்லக்கூடியவை.

எட்டு வாரம், ஒரே தட்டு

ஒவ்வாமையா என்று கண்டுபிடிக்க இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றைச் சோதிக்கும் பெட்டிகளை இணையத்தில் விற்கிறார்கள். உணவு ஒவ்வாமைக்கு இவை நம்பத்தக்கவை அல்ல. முடி, எச்சில் சோதனை ஒன்றை ஆராய்ந்தவர்கள் நிஜ நாயின் மாதிரிகளோடு செயற்கை முடியையும் அனுப்பிப் பார்த்தார்கள். அந்தச் செயற்கை முடிக்கும் எது எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பட்டியல் வந்தது! அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள், உணவுக்குத் தேவைப்படும்.

உறுதியான வழி ஒன்றுதான். நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தையோ, நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண முடியாத அளவுக்குத் துண்டாக்கப்பட்ட புரதத்தையோ மட்டும் கொடுத்துப் பார்ப்பது. வேறு எதுவும் வாயில் படக்கூடாது. தோல் அரிப்புக்கு எட்டு வாரம் தேவை என்பது இன்றைய கணக்கு: பத்தில் எட்டு நாய்க்கு மேல் ஐந்து வாரத்தில் தேறிவிடும், ஒன்பதுக்கு மேல் தேற எட்டு வாரம் ஆகும். வயிறு இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும். இரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரிவது வழக்கம்.

துண்டாக்கப்பட்ட புரத உணவை "ஹைட்ரோலைஸ்டு" என்பார்கள். கிளினிக்குகளில் மருத்துவர் பரிந்துரையோடு கிடைக்கும். அதில் ஒரு வகை கோழி இறகிலிருந்து எடுத்த புரதத்தால் ஆனது. மிக நுண்ணியதாக உடைத்துவிடுவதால் கோழி ஒத்துக்கொள்ளாத நாய்களிலும் பெரும்பாலானவை அதைத் தாங்கிக்கொள்கின்றன. விலை சாதாரண உலர் உணவைப்போலப் பல மடங்கு. பெரிய நாய் வைத்திருப்பவர்கள் எட்டு வாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது. நடுவில் பணம் போதாமல் நிறுத்தினால் செலவும் போச்சு, விடையும் கிடைக்காது.

வீட்டிலேயே சமைத்தும் செய்யலாம். நாய் மீன் தின்றதே இல்லை என்றால் முள் நீக்கிய மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போதும். ஆட்டிறைச்சி, வாத்து என்று போனால் கவனம் தேவை. மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆடும், கோழி ஒத்துக்கொள்ளாததற்கு வாத்தும் சில நேரம் ஒத்துக்கொள்வதில்லை, நெருங்கிய உறவு. வளர்ந்த நாய்க்குச் சில வாரம் இப்படிக் கொடுக்கலாம். நிரந்தரமாகக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து உட்படப் பலதும் குறைந்துவிடும். குட்டிகளுக்கு மருத்துவரின் கணக்கில்லாமல் வீட்டுச் சமையல் வேண்டவே வேண்டாம். எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி ஐந்தாறு நாளில் மாற்றுங்கள்.

கடையில் "சால்மன் உணவு" என்று போட்டிருப்பதை வாங்கி இந்தச் சோதனையைச் செய்யலாமா? பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் சால்மன் படம், பின்னால் கோழி மாவு, கோழிக் கொழுப்பு. பட்டியலில் இல்லாத இறைச்சியும் சில உணவுகளில் கலந்திருந்ததைப் பல ஆய்வுகள் கண்டுபிடித்திருக்கின்றன. ஒரே இயந்திரத்தில் எல்லாவற்றையும் தயாரித்தால் வேறென்ன ஆகும்?

வீட்டில் எத்தனை கைகள்

இந்தச் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் நாய் காரணமில்லை. ஆறு பேர் இருக்கும் வீட்டில் நாய்க்கு ஆறு எசமானர்கள். காலையில் மாமா ரொட்டி சானாய் விள்ளலைப் போடுவார். பிள்ளைகள் பிஸ்கட்டை நழுவவிடுவார்கள், அதில் கோதுமையும் பாலும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலி வழியாக எலும்பு கொடுப்பார். தண்ணீர்ப் பைப்படியில் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தாலே போதும். வீட்டில் பூனையும் இருந்தால் அதன் கிண்ணத்தை மேசைமேல் ஏற்றிவிட வேண்டும்.

மருந்துகூடக் கணக்கைக் குலைக்கும். இதயப்புழுத் தடுப்புக்கு மாதாமாதம் மெல்லக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்தவை. நாய்ப் பற்பசையில் கோழிச் சுவை. மாத்திரையைச் சீஸில் பொதிந்து கொடுப்பதும் நம் பழக்கம். அதற்காக இதயப்புழுத் தடுப்பை நிறுத்திவிடாதீர்கள். கொசு பரப்பும் நோய் அது, நம் நாட்டில் கொசுவுக்கு விடுமுறை கிடையாது. தோலில் சொட்டு விடும் மருந்தாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.

பிரௌனி விஷயத்தில் மூன்றாவது வாரம் வரை எல்லாம் ஒழுங்கு. திடீரென்று ஒரு வியாழக்கிழமை பழைய சளி. விசாரித்ததில் பாட்டி தன் தட்டிலிருந்து கோழித்தோலைக் கொடுத்திருந்தது தெரிந்தது. "அது என் வாயைப் பார்த்துக்கிட்டே நிக்குது. நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது?" என்றார் பாட்டி. எண்பது வயதில் பசித்தவரைப் பார்க்கவைத்துச் சாப்பிடாமல் வாழ்ந்தவர். அவரிடம் நோய் எதிர்ப்பு மண்டலம் பற்றிப் பாடம் நடத்தி என்ன பயன்? அத்தை மகள் கெட்டிக்காரி. நாளைக்கான உலர் உணவை அளந்து, அதில் கால் பங்கை ஒரு மைலோ டின்னில் போட்டு, பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரௌனி வந்து நின்றால் பாட்டி தன் கையாலேயே அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கொடுக்காதே என்று சொல்வதைவிட, இதைக் கொடு என்று சொல்வது எளிது. அதற்குப் பிறகு கசிவு இல்லை.

கறிக்குழம்புச் சோறு, ரசச்சோறு போன்றவை சோதனைக் காலத்துக்கு மட்டும் தள்ளி வைக்க வேண்டியவை அல்ல. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தயிர்சாதம் குளிர்ச்சி என்று கொடுப்பவர்கள், பால் புரதம் பட்டியலில் இரண்டாவதாக இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். கிருமிச் சமநிலைக்கு ஏதாவது வேண்டுமென்றால் நாய்களுக்கான புரோபயாட்டிக் பொடி உண்டு. அதிலும் இறைச்சிச் சுவை சேர்க்காததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

குணமான நாய்க்கு மறுபடியும் கோழியா?

எட்டு வாரம் முடிந்து நாய் தேறியதும் மருத்துவர் சொல்லும் அடுத்த வார்த்தை பலரைத் திகைக்கவைக்கும்: பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். நல்லா இருக்கும் நாயை ஏன் கெடுக்க வேண்டும் என்று பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதைத் தவிர்ப்பது வீண் சிக்கனம் என்றுதான் தோன்றுகிறது. திரும்பக் கொடுத்துப் பார்க்காவிட்டால் எது காரணம் என்று தெரியாது. தெரியாவிட்டால் அந்த விலையுயர்ந்த உணவை ஆயுளுக்கும் வாங்க வேண்டும். ஒரு துண்டு எதுவும் கொடுக்கப் பயந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளாக, தனித்தனியாக, இரண்டு வாரம்வரை கொடுத்துப் பார்க்க வேண்டும். வயிறு பெரும்பாலும் சில நாளிலேயே காட்டிவிடும். அறிகுறி வந்ததும் நிறுத்தி, பாதுகாப்பான உணவுக்குத் திரும்பி, வயிறு அடங்கிய பிறகே அடுத்த பொருள்.

பிரௌனிக்கு வெறும் வேகவைத்த கோழி கொடுத்த இரண்டாம் நாள் மாலை நான்கு தடவை போனது. நிறுத்திய ஐந்தாம் நாள் சரியானது. முட்டை இரண்டு வாரம், ஒன்றும் ஆகவில்லை. மீனும் அப்படியே. கோதுமையை இன்னும் சோதிக்கவில்லை. இப்போது கோழி துளியும் இல்லாத மீன் உணவு ஒன்றைச் சாப்பிடுகிறது, விலை பழையதில் பாதிக்கும் குறைவு. பாட்டியின் டின்னில் வேகவைத்த முட்டை வெள்ளைத் துண்டுகளும் சேர்ந்திருக்கின்றன.

எல்லா நாய்க்கும் கதை இப்படி முடிவதில்லை. ஒழுங்காகச் செய்தும் வயிறு கேட்காவிட்டால் அடுத்து ஸ்கேன், குடலுக்குள் கேமரா விட்டுச் சதைத்துணுக்கு எடுப்பது என்று போக வேண்டியிருக்கும். வழக்கமான கிளினிக்கில் வசதி இல்லாவிட்டால், செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற இடத்துக்கு எழுதித் தரக் கேளுங்கள். எட்டு வாரக் குறிப்பேடு கையில் இருந்தால் அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

நடுவில் யாராவது எதையாவது கொடுத்துவிட்டால் மொத்தமும் பாழ் என்று கைவிட்டுவிட வேண்டாம். தேதி, என்ன, எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்; கொடுத்தவரைத் திட்டாதீர்கள், அடுத்த முறை மறைத்துவிடுவார். மருத்துவரிடம் சொன்னால் இரண்டு வாரம் நீட்டிப்பதா, அப்படியே தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார்.